வெள்ளைக் கதவில் வந்த சிவப்பு

போன வாரம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது போனில் ஒரு படம் வந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் தனியாகக் கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்கிற கதிரேசன் அனுப்பியிருந்தான். சமையலறை கப்போர்டு ஒன்று. வெள்ளை அடித்த கதவு. அதன் நடுவில், உள்ளே இருந்து கசிந்த மாதிரி சிவப்பாக ஒரு திட்டு. கீழே எழுதியிருந்தான்: "அண்ணே, நேத்து சாயந்தரம் பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சு. காலைல பாத்தா இப்புடி. வீட்டுக்காரவுக பயப்படுறாக. என்னாண்ணே இது?"

எனக்கு நெஞ்சு திக்கென்று ஆகிவிட்டது. கை கழுவாமல் போனையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து என் வீட்டுக்காரி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பலகையில் இருக்கிற சாயம் அது. கதிரேசனுக்கு அதைச் சொல்லி, என்ன செய்யணும் என்பதையும் சொல்லிவிட்டேன். அவன் விடவில்லை. "படத்தப் பாத்தவொடனே எப்புடிண்ணே கண்டுபிடிச்சீக? எழுதிப் போடுங்கண்ணே, நம்ம பெயிண்டர் குரூப்புல எல்லாருக்கும் ஆவும்" என்றான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்கவெல்லாம் இல்லை. ஒரு தடவை இதே சிவப்பைப் பார்த்து அரண்டு போனவன், அவ்வளவுதான்.

என் ஊர் அன்னவாசல். மீசை முளைக்கும் முன்னே பெயிண்ட் வேலைக்கு வந்தேன். கொஞ்ச வருஷம் உப்புத்தாள் தேய்த்தேன், கொஞ்ச வருஷம் பட்டி வைத்துப் பள்ளம் அடைத்தேன், அப்புறம்தான் கையில் பிரஷ் கொடுத்தார்கள். படிப்பு என்று சொன்னால் இதுதான் என் படிப்பு. கடைசிவரைக்கும் அந்தோணி மேஸ்திரியிடம்தான் இருந்தேன். மூச்சு வாங்க ஆரம்பித்து, பெயிண்டை இளக்குகிற தின்னர் வாசமே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு நின்றுவிட்டேன்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. தின்னர் துணியைக் கொல்லையில் விரித்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். பாதி வழியில், "சுருட்டிப் போட்டுட்டமோ, தீப்பிடிச்சிருமோ" என்று வண்டியைத் திருப்புவேன். மேஸ்திரி சிரிப்பார். "முருகையா, நீ கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட, தாலி அந்து விழுந்துருமோன்னுதான் பாத்துக்கிட்டு இருப்ப." அவர் சொன்னது பொய்யில்லை. போன கல்யாணத்தில் எல்லாம் அதைத்தான் பார்த்தேன்.

மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். ஒரு பலகையின் முன்னால் நின்றால் சுத்தமாகப் பேச மாட்டார். உள்ளங்கையால் தடவ மாட்டார், புறங்கையால்தான் தடவுவார். "உள்ளங்கை காய்ச்சுப் போச்சு, அதுக்குப் பொய் சொல்லத் தெரியும்" என்பார். புறங்கை எங்கேயாவது நின்றால் அந்த இடத்தில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். எங்களுக்கு அது போதும், மறுபடி தேய்க்கணும் என்று அர்த்தம். வேலையை முடித்து அவர் தட்டாமல் நகர்ந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

எங்கள் வேலையில் முக்கால்வாசி மலிவுப் பிளைவுட்டில்தான். நல்ல பலகைக்கு யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். மலிவுப் பலகைக்குக் கவனிப்பு வேணும். மேல் ஏடு வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். முரட்டுத் தாள் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் அடி ஏடு தெரிந்துவிடும். அதனால் நைஸ் தாள்தான் போடணும், அதுவும் ரேகை ஓடுகிற பக்கமாக மட்டும். நடுவில் ஏடுகளுக்கு இடையே சந்து இருக்கும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் அந்த இடத்தில் சத்தம் பொத்தென்று கேட்கும். அங்கே ஆணி அடித்தால் நிற்காது. வெட்டின ஓரம் இருக்கிறதே, அது தாகம் எடுத்த மாடு. எவ்வளவு பெயிண்ட் வைத்தாலும் குடித்துவிடும். அதற்கு முதலில் பசையை இளக்கித் தடவி, காயவிட்டு, பட்டி பார்த்து, தேய்த்து, அப்புறம்தான் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. ஓரத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பளபளப்பாக அடித்துக் கொடுத்தால், முதல் மழைக்காலத்திலேயே ஓரம் வழியாக ஈரம் ஏறிப் பலகை அப்பளம் மாதிரி பொரிந்துவிடும்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. மலிவுப் பிளைவுட்டில் சிலதின் மேல் ஏடு நல்ல சிவப்பாக இருக்கும். உசத்திப் பலகை மாதிரித் தெரியட்டும் என்று சாயம் ஏற்றியிருப்பார்கள். அதன்மேல் நாங்கள் மைக்கா ஒட்டியிருக்கிறோம், காப்பிக்கொட்டைக் கலர், தேக்குக் கலர் அடித்திருக்கிறோம். வெள்ளை அடித்ததே இல்லை. அடிக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

லூர்து மேரி அம்மாதான் முதன்முதலாகக் கேட்டார்.

அவர் வீடு ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில். வீட்டுக்காரர் வெளிநாட்டில். ஒரே மகள் சகாயராணி புதுக்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. திருச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேசன் என்று முடிவாகி, வருகிற திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் சமையலறைக்குக் கப்போர்டும், கூடத்தில் மாதா சொரூபம் வைக்க ஒரு பீடமும் முடித்துவிடணும் என்று எங்களைக் கூப்பிட்டார். பீடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் ஒரு அலமாரி, முன்னால் ஒற்றைக் கதவு, மேலே சொரூபம் நிற்க ஒரு மாடம்.

"செலவு ஆஸ்பத்திரிக்கு இருக்கு மேஸ்திரி. பலகை சாதாரணமே போதும். ஆனா பீடத்துக்கு வெள்ளைதான். மாடத்துக்கு மட்டும் ஊதா" என்றார். பேசும்போதெல்லாம் சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக் கட்டியை மறைத்துக்கொள்வார். "நான் திரும்பி வந்தா மாதாவ நானே ஏத்தி வைப்பேன். வரலைன்னா ராணி வைக்கட்டும்."

"அம்மா, வாய வச்சுக்கிட்டு இரும்மா" என்றாள் மகள்.

பலகை கடையில் இருந்த சிவப்பு முகப் பலகைதான். நாள் குறைவு என்பதால் பிரைமரில் தின்னரைத் தாராளமாக ஊற்றி இளக்கி அடித்தோம், சீக்கிரம் காயட்டும் என்று. அதன் மேல் வெள்ளை எனாமல். வியாழக்கிழமை சாயந்தரம் மேஸ்திரி புறங்கையால் தடவிப் பார்த்தார், தட்டவில்லை. கதவு பால் மாதிரி இருந்தது. அவருக்கு மறுநாள் புதுக்கோட்டையில் வேறு வேலை. "நீ போயிக் கடைசிக் கோட்டு அடிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் போகிறேன், வாசலில் செருப்பாகக் கிடக்கிறது. என் மனம் எங்கே போகும்? அந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் போனது. உள்ளே ஜெபம் சொல்லும் சத்தம். எட்டிப் பார்த்தால் கூடம் நிறையப் பொம்பளைகள், முட்டி போட்டு, கையில் ஜெபமாலை. எல்லாரும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பீடத்தின் முன்னால் மெழுகுவத்தி எரிகிறது.

கதவில் ரத்தம்.

அப்படித்தான் நான் நினைத்தேன். இப்போதும் வேறு வார்த்தை வரவில்லை. மாடத்துக்கு நேர் கீழே தொடங்கி, பலகையின் ரேகை வழியாக மேலிருந்து கீழே சிவப்பாக வழிந்திருந்தது. சில இடத்தில் ரோஸ், சில இடத்தில் ஆட்டு ரத்தம் காய்ந்த கலர். நான் நேற்று என் கையால் அடித்த வெள்ளை. யாரையோ வெட்டி உள்ளே வைத்துவிட்டார்களா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

லூர்து மேரி அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நான் வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்ததில்லை. கழுத்தில் சேலைத் தலைப்பு இல்லை. கட்டியை மறைக்கவே இல்லை.

"பெயிண்டரண்ணே, பாத்தீங்களா? நான் சிந்த வேண்டிய ரத்தத்த மாதா சிந்திட்டாங்க. இனிமே எனக்குக் கத்தி வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னு வெளிநாட்டுல இருக்குற அவுகளுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

சிவப்பைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிய அதிர்ச்சி. அடுப்படி வாசலில் சகாயராணி நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். என்னிடம் வந்து, "அண்ணே, டாக்டரு இப்பவே லேட்டுன்னு சொல்லியிருக்காரு. இன்னும் தள்ளுனா மூச்சுக்குழாய அமுக்கிரும்னாரு. இது என்னாண்ணே? நெசமாவே ரத்தமா?" என்றாள்.

"தெரியலையேம்மா" என்றேன். அதுதான் உண்மை. எனக்குத் தெரியவில்லை.

வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்குகிறது. லைன் கட்டாகிவிட்டதோ என்று, "மேஸ்திரி, மேஸ்திரி" என்றேன்.

"இருக்கேன்டா. வெட்டுன துண்டுப் பலகை மிச்சம் கெடக்கா?"

"கொல்லையில கெடக்கு."

"ஒரு வெள்ளத் துணியில தின்னர நனச்சு, அந்தத் துண்டு மேல தேய்ச்சுப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

தேய்த்தேன். துணி குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் பிரைமரில் ஊற்றின தின்னர் சாயத்தைக் கரைத்திருக்கிறது. கரைந்த சாயம் பிரைமர், வெள்ளை இரண்டையும் தாண்டி மேலே வந்திருக்கிறது. அவ்வளவுதான். எனக்குப் பயம் போகணும் இல்லையா? போகவில்லை, கூடிவிட்டது. இதுவரைக்கும் எனக்குத் தெரியாது என்று நிற்கலாம். இப்போது தெரிந்துவிட்டது. கூடத்தில் முட்டி போட்டிருக்கிற அத்தனை பேர் முன்னாலும் போய், இது சாயம் என்று யார் சொல்வது? நானோ வேற சாமி கும்பிடுகிறவன். ஊர் என்ன நினைக்கும்? சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அந்தக் கழுத்துக் கட்டி கண் முன்னால் வந்து நின்றது.

"அங்கேயே இரு. எதையும் தொடாத. நான் வாரேன்" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரியும் வேதக்காரர்தான், மாதாவைக் கும்பிடுகிறவர். வந்தவர் நேராகக் கூடத்துக்குள் போனார். சொரூபம் அப்போது பக்கத்து மேசையில் துணி சுற்றி இருந்தது. அதன் முன்னால் முட்டி போட்டு, சிலுவை போட்டு, கண்ணை மூடி ஜெபம் சொன்னார். அவசரப்படவே இல்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். 'இவரும் நம்பிட்டாரோ' என்று எனக்குத் திகில். ஜெபம் முடிந்து எழுந்து பீடத்துக்கிட்டே போனார். சிவப்பின் மேல் புறங்கையை வைத்துத் தடவினார். விரலால் ஒரு தட்டு தட்டினார்.

அந்தத் தட்டுச் சத்தம் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"மேரி, கொல்லப்பக்கம் கொஞ்சம் வா தாயி" என்றார்.

அந்த அம்மா வந்தார். பின்னாலேயே ராணியும், பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாவும் வந்தார்கள். காலையில் மெழுகுவத்தி கொண்டுவந்து ஏற்றி வைத்ததே ஆரோக்கியம்மாதான். மேஸ்திரி தேய்க்காத பலகைத் துண்டு ஒன்றை எடுத்துத் திண்டில் வைத்தார். புதுத் துணியில் தின்னர் ஊற்றி அந்த அம்மா கையில் கொடுத்தார். "நீயே தொடச்சுப் பாரு."

துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். விரல் எல்லாம் சிவப்பு. அந்த முகத்தில் இருந்த தெளிச்சி கண் முன்னாலேயே வடிந்துபோனது. என் ஆயுசில் அந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம். கை தன்னால் போய்ச் சேலைத் தலைப்பை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டது.

"அப்ப மாதா ஒண்ணும் சொல்லலையா?"

மேஸ்திரியைப் பார்த்துத்தான் கேட்டார். மேஸ்திரி அந்தத் துணியை வாங்கித் திண்டில் விரித்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் பதறிப் பேசுகிறவன் நான்தானே.

"அம்மா, மாதாவப் பத்திப் பேச நான் யாரு? எனக்குப் பலகையப் பத்தித்தான் தெரியும். பலகை ஒண்ணும் சொல்லலம்மா. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"பெயிண்டு அடிக்க வந்தியா, பிரசங்கம் பண்ண வந்தியா?" என்றார் ஆரோக்கியம்மா. "மரத்துல சாயம் இருந்தா கப்போர்டுக் கதவுலயும்ல வரணும்? இங்கிட்டு மட்டும் ஏன் வந்துச்சு?"

நல்ல கேள்விதான். ஐந்து பேரும் சமையலறைக்குப் போய்ப் பார்த்தோம். கப்போர்டில் இன்னும் பிரைமர் மட்டும்தான் அடித்திருந்தது. சாம்பல் கலந்த அந்தப் பூச்சில், குனிந்து பார்த்தால், மூலைக்கு மூலை மங்கலாக ரோஸ். ஆரோக்கியம்மா பார்த்தார், போய்க் கூடத்து மெழுகுவத்தியை அணைத்தார். லூர்து மேரி அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கும் மறுநாளும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிறாரா இல்லையா என்று ராணிக்கே தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லியும் அவர் போகவில்லை என்றால், ஆறுதலும் போய் உசுரும் போகுமே, இதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை போய், கத்தி வைத்த இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? அப்போது அனுப்பிவைத்தது யார்? நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், பீடத்தின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்த எங்கள் முன்னால் நின்றார்.

"நாளைக்குக் காருக்குச் சொல்லியாச்சு" என்றார். "ஆனா நான் வாரதுக்குள்ள இந்தச் செவப்பு போயிருக்கணும். அதப் பாத்தா எனக்குத் திரும்ப ஆச வந்துரும்."

கதவை வெறும் பலகை தெரியும்வரை சுரண்டினோம். சாயம் மேலே ஏறாமல் அடைக்க, மேஸ்திரி அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு வந்தார். முதல் கோட்டு அரக்கு ஒரே இழுப்பாக, போன இடத்துக்குத் திரும்பாமல் அடிக்கணும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அதிலேயே சாயம் கரையும். அப்படி அடித்தும் லேசாகச் சிவந்தது. காயவிட்டு நைஸ் தாளில் தடவி, இரண்டாவது கோட்டு. அது நின்றது. சந்தேகத்துக்கு இன்னொன்றும் அடிக்கச் சொன்னேன். மேஸ்திரி சிரிக்கவில்லை, அடித்தார். அரக்கு கண்ணாடி மாதிரி மூடிக்கொண்ட பிறகு பிரைமர், தின்னர் இல்லாமல், பொறுமையாக. அப்புறம் வெள்ளை.

சாவி ஆரோக்கியம்மாவிடம் இருந்தது. தினம் காலையில் நான் போவேன். அவர் வந்து பூட்டைத் திறப்பார். இரண்டு பேரும் கதவின் முன்னால் போய் நிற்போம்.

"வந்திருக்கா?"

"வரலக்கா."

"நல்லாப் பாருங்க, எனக்குக் கண்ணு மங்கல்."

ஆபரேசன் அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் நின்றோம். எனக்கு அரக்கின் மேல் நம்பிக்கை இருந்தது. சாயத்தைத் துணியில் என் கையால் எடுத்துப் பார்த்தவன் நான். ஆனாலும் பூட்டு திறக்கிற நேரத்தில், இன்றைக்கு மட்டும் சிவப்பு வரக் கூடாது, வந்தால் அங்கே ஏதோ ஆகிவிட்டது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கதவு வெள்ளையாக இருந்தது. குனிந்து பார்த்தேன், வெயிலுக்கு எதிராகச் சாய்ந்து பார்த்தேன். வெள்ளைதான். மத்தியானம் வரை அந்தக் கூடத்தைவிட்டு இரண்டு பேரும் நகரவில்லை. ராணி போன் பண்ணினாள். "அம்மா கண்ணு முழிச்சிருச்சு" என்றாள். ஆரோக்கியம்மா அழுதார். நானும் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

லூர்து மேரி அம்மா கழுத்தில் கட்டோடு திரும்பி வந்த அன்றைக்கு மேஸ்திரியும் நானும் போயிருந்தோம். சொரூபத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்து, ராணி கை கொடுக்க, அவரே மாடத்தில் ஏற்றி வைத்தார். பிறகு கதவை ஒருமுறை தடவிப் பார்த்தார். குரல் இன்னும் சரியாக வரவில்லை, காத்து மாதிரிதான் வந்தது.

"திரும்ப வரலையா?"

"வரலம்மா."

"வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"திரும்பச் சொரண்டி, திரும்ப அரக்கு அடிச்சிருப்போம் தாயி" என்றார் மேஸ்திரி. ஆனால் அந்த அம்மா கேட்டது அவரை இல்லை. என்னைப் பார்த்துத்தான்.

நான் வாயெடுப்பதற்குள் ஆரோக்கியம்மாதான் சொன்னார். "இவுகளா? காலங்காத்தால வந்து இந்தக் கதவுக்கு முன்னால நின்ன நிப்பு எனக்குல்ல தெரியும்! ஒரு பொட்டுச் செவப்பு வந்திருந்தாப் போதும், என்னய முந்திக்கிட்டு முட்டி போட்டிருப்பாக."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். லூர்து மேரி அம்மா சிரிப்பு வலித்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பொம்பளை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

குரூப்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சிவப்பு முகப் பலகை வந்தால் வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து முதலில் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் அரக்கு அடிக்காமல் வெளிர் கலர் பக்கமே போகாதீர்கள். வீட்டுக்காரர்கள் பயந்தால், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் சுரண்டுங்கள்.

கதிரேசன் நேற்று அரக்கு அடித்து, வெள்ளையும் அடித்துவிட்டதாகச் சொன்னான். "சரியாயிருச்சுண்ணே, இனிமே நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றான். நாளைக்குக் காலையில் கதவைத் திறந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். சாயம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்பட்டும்.